ப்ரீமியம் யாரு போடுறா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "இன்சூரன்ஸ், நகைக்கடன், ரிஸ்க் கணக்கு பத்தி என்ன வேணா கேளுங்க"ன்னு சின்னதா ஒரு பெட்டிச்செய்தி போட்டோம். தொண்டியில ஆரம்பிச்சு ஏர்வாடி வரைக்கும் கடற்கரை ஓரத்துல இருந்தே கேள்வி குவிஞ்சிருச்சு. பாதிப் பேரு பேரு போடாதீங்கன்னு கேட்டிருந்தாங்க, அதனால எல்லாருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கேன். ஒரே மாதிரி வந்த கேள்விகள சேத்து ஒண்ணாக்கியிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கீழக்கரை வாசகர்: நானும் பக்கத்து வீட்டுப் பையனும் ஒரே மாடல் ஸ்கூட்டர் வச்சிருக்கோம். நாலு வருஷமா ஒரு க்ளெய்ம் கூட நான் போட்டதில்ல. அப்புறமும் புது கம்பெனியில கேட்டா அவனுக்கு கம்மியா வருது, எனக்கு கூட வருது. எந்த ஊரு நியாயம் இது?

மொதல்ல பில்ல எடுத்து பாருங்க, அதுல ரெண்டு பாகம் இருக்கும். தேர்ட் பார்ட்டி, அதாவது உங்க வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான ரேட்ட கம்பெனி போடுறதில்ல, அரசாங்கம் அறிவிக்கிறது. 2022 ஜூன் 1-ல நடைமுறைக்கு வந்த அறிவிப்புப்படி 75 சிசிக்கு மேல 150 சிசி வரைக்கும் 714 ரூபா, அது கீழக்கரைக்கும் ஒண்ணுதான் கோயம்புத்தூருக்கும் ஒண்ணுதான். வித்தியாசம் வர்றது ஓன் டேமேஜ், அதாவது உங்க சொந்த வண்டி சேதத்துக்கான பாகத்துல. 2007 ஜனவரிக்கு முன்னாடி அதுக்கும் ஒரே டாரிஃப் இருந்துச்சு, எடுத்துட்டாங்க, இப்ப ஒவ்வொரு கம்பெனியும் அவங்கவங்க டேட்டாவ வச்சு மாடல் போட்டு ரேட் சொல்றாங்க.

மாடல்னா பெரிய மந்திரம் இல்ல. ரெண்டு கேள்விய தனித்தனியா கேக்குறாங்க. இந்த மாதிரி வண்டி, இந்த மாதிரி ஊரு, இந்த மாதிரி வயசு, இவங்கள்ல நூறு பேருக்கு வருஷத்துல எத்தனை க்ளெய்ம் வரும்? வந்தா ஒண்ணுக்கு சராசரியா எவ்வளவு ஆகும்? முதல் கேள்விக்கு பாய்சான், ரெண்டாவதுக்கு காமான்னு ரெண்டு பரவலை (எது எவ்வளவு அடிக்கடி வரும்னு காட்டுற கணக்கு வடிவம்) எடுத்துக்கிட்டு ஜிஎல்எம் (ஜெனரலைஸ்டு லீனியர் மாடல்)ங்கற முறையில கணக்கு போடுவாங்க. உதாரணத்துக்கு நூறு வண்டிக்கு 6 க்ளெய்ம், ஒண்ணு 5,000 ரூபான்னா ஒரு வண்டிக்கு 300 ரூபா, இது சுத்தமான ரிஸ்க் காசு. அதுக்கு மேல வண்டி வயசுக்கு ஒரு பெருக்கல், ஊருக்கு ஒரு பெருக்கல், அப்புறம் ஆபீஸ் செலவு, கமிஷன், லாபம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஐடிவி, அதாவது பாலிசியில வண்டிக்குப் போட்ட மதிப்பு, கம்மியா இருக்கலாம், இல்ல அவன் போன கம்பெனிக்காரன் அந்த மாடலுக்கு கம்மி பெருக்கல் வச்சிருக்கலாம்.

இனிமே உங்க பெரிய வருத்தத்துக்கு வரேன். நூறு வண்டிக்கு 6 க்ளெய்ம்தான்னா, நாலு வருஷம் க்ளெய்மே இல்லாம இருக்கறதுக்கு சாதாரண ஆளுக்கே 78 சதவீதம் வாய்ப்பு இருக்கு. அதாவது உங்க சுத்தமான ரெக்கார்ட், நீங்க ரொம்ப நிதானமா ஓட்டுறவருங்கறதுக்கு பெரிய சாட்சி ஆகாது, நிதானமில்லாதவங்கள்ல கூட பெரும்பாலானவங்களுக்கு அதே ரெக்கார்ட்தான் இருக்கும். ஒருத்தரோட சொந்த அனுபவத்துக்கு எவ்வளவு மதிப்பு, கூட்டத்தோட சராசரிக்கு எவ்வளவு மதிப்புன்னு பிரிச்சுக் குடுக்குற கணக்குக்கு க்ரெடிபிலிட்டின்னு பேரு, 1967-ல பூல்மான்ங்கற சுவிஸ்காரர் அதுக்கு ஒரு நல்ல சூத்திரம் குடுத்தாரு. நம்ம நோ க்ளெய்ம் போனஸ் அதோட முரட்டு வடிவம், முதல் வருஷம் 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, அஞ்சு வருஷம் ஆனா 50. நாலு வருஷம்னா உங்களுக்கு 45 வரணும். புது கம்பெனியில அது ஏறலைன்னா பழைய பாலிசியக் காட்டி கேளுங்க, போனஸ் ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்ல.

ஆர்.எஸ். மங்கலம் பக்கத்து விவசாயி: எங்க வயல் கண்மாயோட கடைமடையில இருக்கு. நெல்லு கருகிப்போச்சு. பயிர் காப்பீடு கட்டியிருந்தேன். ஆனா எங்க ஊருக்கு க்ளெய்மே வரல, பக்கத்து ஊருக்கு வந்திருக்கு. வயல வந்து யாரும் பாக்கவே இல்லையே சார், பாக்காம எப்படி இல்லன்னு சொல்றாங்க?

இந்த மாதிரி கேள்விதான் அதிகமா வந்துச்சு, திருவாடானை, முதுகுளத்தூர்ல இருந்தும் வந்துச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

பிரதம மந்திரி பயிர் காப்பீட்டுல வறட்சியால போற மகசூலுக்கு உங்க வயல்ங்கற ஒண்ணு கணக்குலயே கிடையாது. கேக்க கோவம் வரும், ஆனா 2016-ல திட்டம் வந்தப்பவே அப்படித்தான். கணக்கு ஊருக்கு. கடந்த 7 வருஷத்துல நல்ல 5 வருஷத்தோட சராசரி மகசூல எடுப்பாங்க, அதுல 70, 80, 90 சதவீதம்னு ஒண்ண வச்சு உத்தரவாத மகசூல்னு வைப்பாங்க. இப்ப ஏக்கருக்கு சராசரி 1,500 கிலோ, 80 சதவீதம்னா உத்தரவாதம் 1,200 கிலோ. இந்த வருஷம் ஊரு மகசூல் 900-ன்னு வந்தா குறைஞ்சது 300, அத 1,200-ஆல வகுத்தா கால்வாசி, காப்பீட்டுத் தொகையில கால்வாசி எல்லாருக்கும். ஊரு மகசூல் 1,210-ன்னு வந்துச்சுன்னா எல்லாருக்கும் பூஜ்யம், உங்க வயல்ல 200 கிலோ வந்திருந்தாலும் பூஜ்யந்தான், மடைக்கு பக்கத்துல 1,800 எடுத்தவருக்கும் பூஜ்யந்தான்.

ஊரு மகசூல் எப்படி தெரியுது? பயிர் அறுவடை பரிசோதனை. நெல்லு மாதிரி முக்கியப் பயிருக்கு ஊருக்கு 4 இடம், ரேண்டமா தேர்ந்தெடுத்த வயல்ல ஒரு துண்ட அளந்து அறுத்து எடை போடுவாங்க. இந்த முறை நம்ம நாட்டுல வளந்ததுதான், 1930கள், 40கள்ல மஹலனோபிஸ் வங்காளத்துல ஒரு பக்கம், சுகாத்மே இன்னொரு பக்கம், எவ்வளவு பெரிய துண்டு வெட்டணும்னே ரெண்டு தரப்பும் சண்டை போட்டாங்க. வயல கண்ணால மட்டும் பாத்து சொல்ற அதிகாரி கணிப்ப விட இது எவ்வளவோ மேல், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆனா 4-ங்கறது ரொம்ப சின்ன நம்பர். கண்மாய்ப் பாசன ஊருல தலைமடைக்கும் கடைமடைக்கும் மகசூல் வித்தியாசம் பெருசு. வயலுக்கு வயல் விலக்கம் (சராசரியில இருந்து தள்ளிப்போற அளவு) 400 கிலோன்னு வச்சா, 4 சாம்பிளோட சராசரியில 200 கிலோ வரைக்கும் ஆடுறது சர்வ சாதாரணம். நெசத்துல ஊரு 1,100-ல இருக்கும், சாம்பிள் 1,250 காட்டும், க்ளெய்ம் போச்சு. பக்கத்து ஊருல தலைகீழா நடக்கும். யாரும் தப்பு பண்ணாமலே இது நடக்கும்ங்கறதுதான் இதுல கொடுமை, ஏமாத்திட்டாங்கன்னு ஊருல பேச்சு வரும், சில இடத்துல ஏமாத்தும் இருக்கலாம், ஆனா ஏமாத்து இல்லாமலே இவ்வளவு ஆட்டம் அந்த 4-ல இருக்கு. சாம்பிள நாலு மடங்கு ஆக்குனாத்தான் ஆட்டம் பாதியாகும், 16 இடத்துல அறுக்கணும், அதுக்கு ஆளு எங்க?

உங்களுக்கு வந்த நஷ்டத்துக்கும் இண்டெக்ஸ், அதாவது ஊரு மகசூல் மாதிரி ஒரு பொது அளவு, காட்டுற நஷ்டத்துக்கும் உள்ள இந்த இடைவெளிக்கு பேசிஸ் ரிஸ்க்னு பேரு. இது புதுசு இல்ல. 1920-லயே மைசூர்ல ஜே.எஸ். சக்ரவர்த்திங்கறவர் மழை அளவ வச்சு விவசாயிக்கு காப்பீடு குடுக்கலாம்னு முழுத் திட்டமே எழுதி வச்சிருக்காரு, உலகத்துல அந்த யோசனை சொன்ன முதல் ஆளுகள்ல ஒருத்தர். அதுலயும் இதே சிக்கல், மழைமானி இருக்குற இடத்துல பெய்யுற மழை உங்க வயல்ல பெய்யாது.

அப்ப எதுக்குத்தான் ஊரு கணக்கு? வயல் வயலா பாத்தா செலவு ப்ரீமியத்தையே தின்னுரும், அதோட இன்சூரன்ஸ் இருக்கேன்னு களை எடுக்காம விடுறவருக்கும் பணம் போகும். கணக்குப்படி அது நியாயந்தான். இருந்தாலும் ரபி பருவ நெல்லுக்கு நீங்க கட்டுறது 1.5 சதவீதம், மீதிய மத்திய மாநில அரசு கட்டுது, அப்ப இவ்வளவு பொதுப்பணம் போற இடத்துல தலைமடை கடைமடைய தனித்தனி யூனிட்டா பிரிச்சா என்னங்கறது என் கேள்வி. ஆலங்கட்டி, அறுத்துப் போட்ட பயிர் மழையில நனையுறதுன்னு சில இழப்புக்கு மட்டும் தனி வயல் கணக்கு உண்டு, ஆனா 72 மணி நேரத்துக்குள்ள தகவல் குடுக்கணும், அத விட்டுறாதீங்க.

பாம்பன் படகு உரிமையாளர்: பைபர் படகு வச்சிருக்கேன். ரொம்ப வருஷமா ஒரு கீறல் இல்ல. இன்சூரன்ஸ் கேட்டா தலை சுத்துற ரேட்டு சொல்றான், ஒருத்தன் போடவே மாட்டேங்குறான். மோட்டார் பைக் தெனமும் எங்கயாச்சும் மோதுது, படகு எங்க மோதுது? கணக்கு எங்கயோ உதைக்குதே?

அண்ணே, உங்க கேள்வியிலயே பதில் பாதி இருக்கு. பைக் தெனமும் மோதுது, ஆனா தனித்தனியா மோதுது, அதனாலதான் அது இன்சூரன்ஸ்காரனுக்கு பிடிச்ச ரிஸ்க்.

நம்பர் வச்சு பாப்போம், எல்லாம் சும்மா எடுத்துக்கிட்ட நம்பர். 400 படகு, ஒவ்வொண்ணும் 5 லட்சம். வருஷத்துல ஒரு படகு போறதுக்கு வாய்ப்பு 2 சதவீதம். அப்ப சராசரியா 8 படகு, 40 லட்சம், தலைக்கு 10,000 ரூபா. ஒரு படகு போறதுக்கும் இன்னொண்ணு போறதுக்கும் சம்பந்தமே இல்லன்னா, மோசமான வருஷத்துல கூட, நூத்துல ஒரு வருஷம் மாதிரி மோசம், 15 படகுக்கு மேல போகாது. 75 லட்சம் கையில இருந்தா கம்பெனி நிம்மதியா தூங்கும்.

இப்ப இன்னொரு விதமா வைங்க. சாதாரணமா 1 சதவீதந்தான் போகும், 4 படகு, 20 லட்சம். ஆனா 40 வருஷத்துல ஒருக்கா ஒரு புயல் வந்து நூத்துக்கு 40 படக அடிச்சுட்டுப் போயிரும், 160 படகு, 8 கோடி. சராசரி போட்டுப் பாருங்க, இதுலயும் அதே 2 சதவீதம், அதே 10,000 ரூபா! ஆனா 10,000 மட்டும் வாங்குனா, புயல் மூணாவது வருஷமே வந்துச்சுன்னா கம்பெனி கையில இருக்கிறது ஒரு கோடி கூட இருக்காது, குடுக்க வேண்டியது 8 கோடி. அந்த 8 கோடிய எப்பவும் தயாரா வச்சிருக்கறதுக்கு, இல்ல வெளியில மறுகாப்பீடு (கம்பெனி தனக்கே எடுக்குற இன்சூரன்ஸ்) வாங்குறதுக்கு ஆகுற செலவுதான் உங்களுக்கு தலை சுத்துற ரேட்டா வருது. உங்க படகு நல்லா இருக்கா, நீங்க நல்லா ஓட்டுறீங்களாங்கறது இதுல சின்ன சமாச்சாரம்.

பாம்பன்காரருக்கு இது ஈசியா புரியும். வடகடல் கலங்குற காத்துல தென்கடல் அமைதியா இருக்கும், தென்கடல் கொந்தளிக்கிறப்ப வடகடல்ல தொழில் பாக்கலாம். சாதாரண நாள் டேட்டாவ மட்டும் எடுத்து ஒரு பையன் கம்ப்யூட்டர்ல போட்டான்னா, ரெண்டு கடலுக்கும் தொடர்பு தலைகீழ், பாதிப் படகு இங்க பாதிப் படகு அங்க இன்சூர் பண்ணா ரிஸ்க் குறையும்னு மாடல் அழகா சொல்லும். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில ரயிலோட ஊரையே கொண்டு போன புயலுக்கு வடகடல் தென்கடல் பேதம் இருந்துச்சா? சாதாரண நாள்ல இருக்கிற தொடர்பு வேற, அகோர நாள்ல வர்ற தொடர்பு வேற. இத மட்டும் தனியா அளக்கத்தான் காப்புலான்னு ஒரு கணக்கு இருக்கு. அதுலயும் எளிமையான காஸியன் காப்புலாவ நம்பி அமெரிக்காவுல வீட்டுக்கடன கட்டு கட்டா வித்தாங்க, அந்த வகை காப்புலாவுல எல்லாம் ஒண்ணா கவுருற வாய்ப்பு மோசமான ஓரத்துக்குப் போகப் போக பூஜ்யத்துக்குப் போயிரும், 2008-ல எல்லாம் ஒண்ணாத்தான் கவுந்துச்சு.

அப்ப 40 வருஷத்துல ஒருக்காங்கறத எப்படி கண்டுபிடிக்கிறாங்க? பழைய க்ளெய்ம் ஃபைல வச்சு முடியாது, புயல் இல்லாத 20 வருஷ ஃபைலு "புயலே வராது"ன்னுதான் சொல்லும். 1992-ல ஃப்ளோரிடாவுல ஆண்ட்ரூ புயல் வந்து பல கம்பெனி திவாலான அப்புறந்தான் எல்லாரும் வேற வழிக்கு வந்தாங்க. வானிலைத் துறைகிட்ட 1891-ல இருந்து வங்கக்கடல் புயல் பாதைகள் இருக்கு, அத வச்சு கம்ப்யூட்டர்ல ஆயிரக்கணக்கான கற்பனை வருஷம் ஓட்டி, ஒவ்வொரு கற்பனைப் புயலும் நம்ம கரைய அடிச்சா எத்தனை படகு, எத்தனை வீடுன்னு எண்ணுவாங்க. மழைக்கு வேற ஒரு கணக்கு, ஒரு எல்லைக்கு மேல போன நாள்கள மட்டும் தனியா எடுத்து அந்த வாலுக்கு மட்டும் ஒரு பரவலைப் பொருத்துவாங்க, எக்ஸ்ட்ரீம் வேல்யூ தியரின்னு சொல்வாங்க. 2024 நவம்பர் 20-ல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, நம்ம மாவட்டத்துக்கு வருஷம் முழுக்க சராசரியே 82 சென்டிமீட்டர்தான். சராசரிய சுத்தி மணி மாதிரி வரையிற நார்மல் வளைவுல அந்த நாள் வரவே கூடாது. வந்துச்சு.

இன்னொண்ணு, 40 வருஷத்துல ஒருக்கான்னா இன்னும் 40 வருஷம் கவலை இல்லன்னு அர்த்தம் இல்ல. வருஷா வருஷம் 2.5 சதவீதம். பத்து வருஷம் படகு வச்சிருந்தீங்கன்னா அதுக்குள்ள ஒரு தடவையாவது மாட்டுற வாய்ப்பு 22 சதவீதம். அப்புறம் பாலிசிய வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வரி தேடுங்க, வேற நாட்டுக்காரன் படக புடிச்சு வச்சுக்கிட்டா பணம் உண்டா இல்லையான்னு. கப்பல் படகு பாலிசியில பொதுவா அத விலக்கித்தான் வச்சிருப்பாங்க. நம்ம கரையில அது சின்ன விஷயம் இல்ல.

தொண்டி, கூட்டுறவு சங்க ஊழியர்: ட்ரெயினிங்ல நகைக்கடனுக்கு "99 சதவீத வார்" (வேல்யூ அட் ரிஸ்க்) 3 சதவீதம்னு சொன்னாங்க. அப்படின்னா ஒரு நாள்ல தங்கம் 3 சதவீதத்துக்கு மேல விழாதுன்னுதானே?

இல்லீங்க. நூறு நாள்ல ஒரு நாள் அதுக்கு மேல விழும்னு அர்த்தம். வருஷத்துக்கு 250 மார்க்கெட் நாள்னா ரெண்டு மூணு நாள் அத தாண்டுறதுதான் சரியான மாடல், வருஷக்கணக்கா தாண்டவே இல்லன்னாத்தான் மாடல் மேல சந்தேகம் வரணும். அந்த நாள்ல எவ்வளவு விழும்னு வார் ஒரு வார்த்தை சொல்லாது. 1994-ல ஜேபி மார்கன் ரிஸ்க்மெட்ரிக்ஸ்னு வெளியிட்டு உலகம் பூரா பரப்புன கணக்கு இது, இன்னைக்கு பேசல்ங்கற உலக பேங்க் விதியில மார்க்கெட் ரிஸ்குக்கு எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபாலுக்கு மாறிட்டாங்க, அதாவது மோசமான அந்த 2.5 சதவீத நாள்கள்ல சராசரியா எவ்வளவு போகும்ங்கறது. 2013 ஏப்ரல்ல உலக மார்க்கெட்ல தங்கம் ரெண்டே வர்த்தக நாள்ல கிட்டத்தட்ட 13 சதவீதம் விழுந்துச்சு. 75 சதவீதம் கடன் குடுத்து, ஒரு வருஷ வட்டி ஏறி, 82 சதவீதத்துல நிக்கிற பழைய கணக்குக்கு அது எவ்வளவு கிட்டன்னு பாருங்க. உங்க சங்கத்துல ஆயிரம் பேரு அடகு வச்சிருக்கலாம், ஆனா வச்சது எல்லாமே தங்கம், விழுந்தா ஆயிரமும் ஒண்ணா விழும், ஆள் எண்ணிக்கை கூடுனதால இந்த ரிஸ்க் ஒரு பைசா குறையாது. அதுலயும் நம்ம பக்கம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு தடைக்காலம், வட்டி கட்ட முடியாம போறதும் எல்லாருக்கும் ஒரே நேரத்துல. வார விட, "தங்கம் 20 சதவீதம் விழுந்து, அதே மாசம் தடைக்காலமா இருந்தா?"ன்னு ஒரு பேப்பர்ல போட்டு மேனேஜர்கிட்ட காட்டுங்க.

பரமக்குடி, பி.எஸ்சி. புள்ளியியல் மாணவி: ஆக்சுவரி (இன்சூரன்ஸ் ரிஸ்க் கணக்கு போடுறவர்) ஆகணும். ஜிஎல்எம் பழசு, மெஷின் லேர்னிங் படின்னு சீனியர்ஸ் சொல்றாங்க. எது படிக்கட்டும்?

தங்கச்சி, ரெண்டும் படிக்கணும், ஆனா ஜிஎல்எம்தான் மொதல்ல. 1972-ல நெல்டரும் வெடர்பர்னும் அத எழுதுனது எந்த இன்சூரன்ஸ் ஆபீஸ்லயும் இல்ல, ராதம்ஸ்டெட்ங்கற விவசாய ஆராய்ச்சி நிலையத்துல. க்ளெய்ம் டேட்டாவுல நூத்துக்கு தொண்ணூறு பூஜ்யமா இருக்கும், மீதி ஒரு பக்கமா நீண்டு கெடக்கும், நேர்கோட்டு ரிக்ரஷன் போட்டா மைனஸ் ப்ரீமியம் கூட வரும். பூஜ்யத்தையும் தொகையையும் ஒரே மாடல்ல புடிக்க ட்வீடி பரவல்னு ஒண்ணு இருக்கு, ட்வீடி அத எழுதுன கட்டுரை வந்தது கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தோட பொன்விழா மாநாட்டுத் தொகுப்புல, 1984. 

கிரேடியண்ட் பூஸ்டிங், அதாவது நூத்துக்கணக்கான சின்னச் சின்ன முடிவு மரங்கள சேத்து கணிக்குற மெஷின் லேர்னிங் முறை, பல நேரம் இத விட நல்லா கணிக்கும், மறுக்கல. ஆனா கீழக்கரை அண்ணன் "எனக்கு ஏன் கூட?"ன்னு கேட்டா ஆயிரம் மரத்தக் காட்டி பதில் சொல்ல முடியாது, ஜிஎல்எம்ல பெருக்கல் எல்லாம் ஒரு பக்கத்துல எழுதி குடுத்துரலாம். அதனால பல ஆபீஸ்ல பூஸ்டிங் போட்டு எங்க விட்டோம்னு பாத்துட்டு, அத ஜிஎல்எம்ல சேக்குறாங்க. பழக ஃப்ரீஎம்டிபிஎல்2-ன்னு பிரெஞ்சு மோட்டார் டேட்டா இலவசமா இருக்கு, 6,78,013 வரி. எக்ஸ்போஷர, அதாவது பாலிசி எவ்வளவு காலம் இருந்துச்சுங்கறத, ஆஃப்செட்டா (மாடல்ல அப்படியே சேக்குற நிலையான எண்ணா) வைக்க மறந்துராத, மூணு மாசம் இருந்த பாலிசியும் ஒரு வருஷம் இருந்ததும் ஒண்ணு இல்ல. பரீட்சைக்கு ஆக்சுவரி இன்ஸ்டிட்யூட்டோட ஏசிஇடி நுழைவுத் தேர்வுல ஆரம்பி.

சின்னப்பாலம், பாசி எடுக்கப் போற அக்கா: பேங்க்ல 20 ரூபா புடிச்சு 2 லட்சம் இன்சூரன்ஸ்னு சொல்றாங்க. 20 ரூபாய்க்கு யாரு 2 லட்சம் குடுப்பா, ஏமாத்தா?

ஏமாத்து இல்லக்கா, அது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம். 20-அ 2 லட்சத்தால வகுத்தா பத்தாயிரத்துல ஒண்ணு. வருஷத்துல பத்தாயிரம் பேருல ஒருத்தருக்கு விபத்துச் சாவு வந்தா வசூலும் செலவும் சரியாப் போகும், அதுக்கு மேல போனா திட்டத்துக்கு நஷ்டம். 2015-ல 12 ரூபாயில ஆரம்பிச்சு, கட்டுப்படியாகாமத்தான் 2022 ஜூன்ல 20 ஆக்குனாங்க. இதுல வேலை என்ன, வயசு என்னன்னு பாத்து ரேட் மாத்துறதில்ல, 18-ல இருந்து 70 வரைக்கும் ஆபீஸ்ல ஃபேனுக்கு கீழ உக்காந்திருக்கறவருக்கும் கடல்ல இறங்குற உங்களுக்கும் ஒரே 20, அதனால கணக்குப்படி பாத்தா உங்களுக்குத்தான் லாபம். விபத்துக்கு மட்டுந்தான், நோய்ல போனா இதுல கிடையாது, அதுக்கு 436 ரூபா ஜீவன் ஜோதி பீமா திட்டம் தனி. பணம் புடிக்கிறது மே மாசக் கடைசியில, ஜூன் 1-ல இருந்து அடுத்த மே 31 வரைக்கும் செல்லும், அந்த நேரத்துல அக்கவுண்ட்ல பணம் இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க, நாமினி பேரு ஏறியிருக்கான்னும் ஒரு தடவ பாஸ்புக்கோட போய் கேட்டுருங்க.